உடோ போன பிறகும் அது அக்செப்ட்தானா?

கேள்வி (2 மார்ச் 2025)
ஜெர்மன் ஹெவி மெட்டல் குழுவான அக்செப்ட்டை 1986 வரைதான் கேட்டிருக்கிறேன். பாடகர் உடோ டிர்க்‌ஷ்னைடர் விலகியதும் நானும் விலகிவிட்டேன். அந்தக் குரல் இல்லாமல் அதே பெயரில் இன்னும் ஆல்பங்கள் வருகின்றன. அது அக்செப்ட்தானா, வெறும் பெயர்ப்பலகையா? கேட்டவர்கள் சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு
பெயர்ப்பலகை அல்ல. ஆனால் நீங்கள் 1986இல் நிறுத்தியதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். அடுத்து வந்த ஆல்பம் அப்படிப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு.

அக்செப்ட் என்றால் உடோவின் குரல் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அதுவே தீர்ப்பாகிவிட்டது. என் காதுக்கு அக்செப்ட் என்பது கிதார் வாசிக்கும் வுல்ஃப் ஹாஃப்மனின் வலது கை. பதற்றமே இல்லாமல், ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடம் விட்டு, கட்டையான ஒலியில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் துணுக்கு, அதாவது ரிஃப். அதன் மேல் ஆண்கள் பலர் சேர்ந்து தாழ்ந்த குரலில் பாடும் கோரஸ். இவை இரண்டும் இருந்தால் முன்னால் நின்று கத்துபவர் யார் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

3 மார்ச்
நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். கொஞ்சம் வீம்பு தெரிகிறது. உடோ இல்லாமல் அந்த ரிஃப்களை உலகம் நின்று கேட்டிருக்குமா என்றால், சந்தேகம்தான். மெட்டல் பாடகர் என்றால் இடுப்பு வரை முடி, பட்டுத் துணி, வளைந்து நெளியும் நடை என்றிருந்த காலம். இந்த மனிதர் குட்டையான உருவத்தோடும், ஒட்ட வெட்டிய பொன்னிற முடியோடும், இராணுவ உருமறைப்பு உடையில் வந்து நின்று அரத்தால் இரும்பைத் தேய்ப்பதுபோலப் பாடினார். பார்த்தவர் யாரும் மறக்கவில்லை.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்ப ஆல்பங்களிலேயே மெதுவான பாடல்களை உடோ பாடவில்லை. பாஸ் கிதார் வாசித்த பீட்டர் பால்ட்டஸ் பாடினார். 1981இல் வந்த 'பிரேக்கர்' ஆல்பத்திலும் ஒரு பாடல் அவர் குரலில் இருக்கிறது. அப்போது யாரும் 'இது அக்செப்ட் இல்லை' என்று எழுந்து போகவில்லையே?

5 மார்ச்
'அவர்கள் எந்த ஊர், எப்போது தொடங்கினார்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெர்மனியின் சோலிங்கன். கத்தியும் கத்தரிக்கோலும் செய்யும் ஊர்; அங்கே கத்திகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உடோ பிறந்தது பக்கத்து ஊரான வுப்பர்டாலில், 1952இல். நான் வேலை பார்ப்பதும் இங்கேதான். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடும் உள்ளூர் ரயில் மியுங்ஸ்டன் பாலத்தைக் கடக்கும். 107 மீட்டர் உயரம், 1897இல் திறக்கப்பட்டது, ஜெர்மனியின் மிக உயரமான ரயில் பாலம். மேலிருந்து பார்த்தால் வுப்பர் ஆறும் காடும்தான் தெரியும். முதல் முறை அதில் போனபோது காதில் 'ரெஸ்ட்லெஸ் அண்ட் வைல்ட்' ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருந்த அமைதிக்கும் அதற்கும் கொஞ்சமும் பொருந்தவில்லை.

பள்ளிக்காலத்தில் உடோவும் மைக்கேல் வாகனர் என்ற நண்பரும் சேர்ந்து நடத்திய குழுவிலிருந்துதான் வேர் தொடங்குகிறது. அக்செப்ட் என்ற பெயரில் முறையான தொடக்கம் 1976 என்று கணக்கு வைக்கிறார்கள். முதல் ஆல்பம் 1979. அதை அவசரமாகக் கேட்க வேண்டியதில்லை. 1980இல் வந்த இரண்டாவதில் தலைப்புப் பாடலே இரவல். எழுதியவர் ஏசி/டிசி குழுவின் யங் சகோதரர்களுக்கு மூத்தவரான அலெக்ஸ் யங். தமக்கென்று ஒரு வழி அமைந்தது 'பிரேக்கர்' ஆல்பத்தில்தான்.

5 மார்ச், பின்னர்
வாகனர் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் கிதாரை விட்டு ஒலிப்பதிவுப் பக்கம் போனார். அக்செப்ட்டின் எண்பதுகள் ஆல்பங்களில் கை வைத்தார், பிறகு அமெரிக்கா போனார், 1986இல் மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஆல்பத்துக்கு ஒலிக்கலவை செய்தார். சோலிங்கன் வட்டாரத்து உள்ளூர்க் குழுவில் தொடங்கியவர் கை அங்கே வரை நீண்டிருக்கிறது. தாமே வாசித்திருந்தால் இவ்வளவு பேர் காதை எட்டியிருக்கமாட்டார்.

8 மார்ச்
'ரெஸ்ட்லெஸ் அண்ட் வைல்ட்' ஆல்பத்தில் ஹெர்மன் ஃபிராங்க்கின் கிதார் அருமை என்று மேலே ஒருவர் புகழ்ந்திருக்கிறார். உறையில் அவர் பெயர் இருப்பது உண்மை. வாசித்தது முழுக்க ஹாஃப்மன். பதிவு முடிந்த பிறகு குழுவில் சேர்ந்தவர் ஃபிராங்க். அவரைப் புகழ அடுத்த ஆல்பம் இருக்கிறது, அங்கே புகழுங்கள்.

1982இல் வந்த அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு பற்றி நான் எழுதாமல் போனால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள். பழைய இசைத்தட்டு கீறலோடு ஓடுகிறது. மகிழ்ச்சியான ஒரு ஜெர்மன் நாட்டுப்பாட்டு. சில வினாடிகளில் ஊசி இழுபட்டு, உடோவின் அலறல், ஸ்டெஃபான் காஃப்மனின் டபுள் பாஸ் டிரம்ஸ். 1982க்கு அந்த வேகம் புதிது. ஸ்பீட் மெட்டல் என்ற அதிவேக வகையின் பிறப்புச் சான்றிதழில் இந்தப் பாட்டின் பெயரையும் எழுதுபவர்கள் பலர், நானும் எழுதுவேன்.

9 மார்ச்
அந்த நாட்டுப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் நேற்று அதை 'மகிழ்ச்சியான' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டுக் குடிப்பாட்டு அது. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் சிப்பாய்கள் நடைபோட்டுக்கொண்டே பாடியதால், அவர்கள் ஆக்கிரமித்த நாடுகளில் அதைக் கேட்டவர்களுக்கு வேறு நினைவு. வேடிக்கைக்காக வைத்தோம், அந்தத் தொடர்பு அப்போது தெரியாது என்று குழுவினர் பின்னால் விளக்கம் கொடுத்தார்கள். நான் நம்புகிறேன். போருக்குப் பின் பிறந்த இளைஞர்கள், ஊர்க் குடிவிழாக்களில் கேட்ட பாட்டு. இருந்தாலும் அடுத்த நாட்டில் ஒரு கிழவர் அந்த முதல் சில வினாடிகளைக் கேட்டு என்ன நினைத்திருப்பார் என்ற எண்ணம் வந்த பிறகு அந்தத் தொடக்கத்தை என்னால் பழையபடி சிரித்துக்கொண்டு கேட்க முடிவதில்லை.

13 மார்ச்
கேள்வி கேட்டவர் திரும்ப வந்து 'பால்ஸ் டு தி வால்' தலைப்புப் பாட்டு ஒன்று போதும், மற்றதெல்லாம் உபரி என்கிறார். 1983 இறுதியில் வந்த ஆல்பம். அமெரிக்காவில் தங்கத்தட்டு வாங்கியது, அதாவது ஐந்து லட்சம் பிரதி. அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு முரட்டு ஆண்பிள்ளைப் பாட்டு என்று முடிவு கட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். வரிகளைப் படியுங்கள். மிதிக்கப்பட்டவர்கள் ஒருநாள் எழுவார்கள் என்பதுதான் பாட்டு. எழுதியவர் 'டெஃபி' என்று உறையில் குறிக்கப்பட்டிருப்பவர். குழுவின் மேலாளர் காபி ஹாவ்கேயின் புனைபெயர் அது. ஹாஃப்மனின் மனைவி. ஆண்களின் கோரஸுக்குப் பேர்போன குழுவுக்குச் சொல் கொடுத்தது ஒரு பெண்.

அட்டைப்படமும் சர்ச்சையானது. ஓர் ஆணின் வெற்றுத் தொடை, இரும்புக் குண்டைப் பிடித்த கை. அதோடு உள்ளே சில பாடல் வரிகளும் சேர, அமெரிக்காவில் இவர்கள் ஓரினச் சேர்க்கையாளர்களா என்று பேச்சு கிளம்பியது. பேசட்டும் என்று விட்டார்கள். எண்பதுகளின் மெட்டல் உலகில் அதற்கு உடோவின் உருமறைப்பு உடையைவிடக் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

14 மார்ச்
இல்லை, நான் தலைப்புப் பாட்டை மட்டம் தட்டவில்லை. அந்த ரிஃப்பை முதலில் கேட்டபோது, 'இவ்வளவு எளியதா, இதை ஏன் வேறு யாரும் முன்பே செய்யவில்லை' என்று தோன்றியது. இப்போதும் அப்படியே தோன்றுகிறது.

19 மார்ச்
சரி, உடோ பிரிந்த 1987.

'மெட்டல் ஹார்ட்' (1985) டீட்டர் டியர்க்ஸ் தயாரிப்பு. ஸ்கார்பியன்ஸ் குழுவை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அதே மனிதர், எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். அடுத்த 'ரஷ்யன் ரூலெட்' (1986) ஆல்பத்தில் குழு மறுபடி சொந்தத் தயாரிப்புக்கு, முரட்டு ஒலிக்குத் திரும்பியது. ஆனால் அமெரிக்க வானொலியில் ஓட வேண்டும் என்ற ஆசை மற்றவர்கள் மனத்தில் விழுந்துவிட்டது. உடோவின் தொண்டை அதற்கு இடம் கொடுக்காது. பிரிந்தார்கள்.

இந்தப் பிரிவில் வசைபாடுவதற்கு அதிகம் கிடைக்காது. உடோ தம் பெயரில் தொடங்கிய யு.டி.ஓ. குழுவின் முதல் ஆல்பம் 1987இல் வந்தது. அதன் பாடல்களை எழுதிக் கொடுத்தவர்கள் அக்செப்ட்காரர்களே. வெளியே போகிறவருக்கு ஒரு முழு ஆல்பத்தை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிய குழு வேறு எது? அதைவிட வேடிக்கை, அவரிடம் கொடுத்த பாடல்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டவற்றைவிட நன்றாக இருந்தன.

தங்களுக்கு வைத்துக்கொண்டது 'ஈட் த ஹீட்', 1989. பாடகர் டேவிட் ரீஸ், அமெரிக்கர். அவர் மோசமான பாடகர் இல்லை. தவறான வீட்டுக்கு வந்த விருந்தாளி. கிதாரில் வேகம் இல்லை, கோரஸ் வானொலிக்காகச் சிங்காரித்து நிற்கிறது. சுற்றுப்பயணத்தின்போது காஃப்மனின் முதுகு பாதிக்கப்பட்டு, வேறொருவர் டிரம்ஸ் வாசிக்க வேண்டியதாயிற்று. அதோடு கதை நின்றது.

19 மார்ச், இரவு
மேலே எழுதியதில் ஒரு வசதியான வாதம் ஒளிந்திருக்கிறது, நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்கிறேன். ஹாஃப்மனின் வலது கைதான் அக்செப்ட் என்றேன். 'ஈட் த ஹீட்' ஆல்பத்திலும் அதே கைதான். அப்படியானால் அது ஏன் அக்செப்ட் போல இல்லை? கை மட்டும் போதாது, கை எதற்காக வாசிக்கிறது என்பதும் வேண்டும் என்றுதான் பதில் சொல்ல முடிகிறது. மழுப்பல் என்று தோன்றினால் தோன்றட்டும்.

24 மார்ச்
தொண்ணூறுகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1992இல் உடோ திரும்பினார். 1993இல் வந்த 'அப்ஜெக்‌ஷன் ஓவர்ரூல்ட்' நல்ல ஆல்பம். 'டெத் ரோ' (1994) நீளம், இருட்டு, அதோடு திடீரென்று செவ்விசை அமைப்பாளர் கச்சதூரியனின் 'வாள் நடனம்' மெட்டு. 'பிரிடேட்டர்' (1996) சோர்வு. காஃப்மன் முதுகு வலியால் டிரம்ஸை விட்டார். 1997இல் எல்லாம் ஓய்ந்தது. ஹாஃப்மன் அமெரிக்காவில் புகைப்படக்காரர் ஆனார், நாஷ்வில் பக்கம். பொழுதுபோக்காக அல்ல, முழுநேரத் தொழிலாக.

காஃப்மன் என்ன ஆனார் தெரியுமா? யு.டி.ஓ. குழுவில் கிதார் வாசித்தார், 2012 வரை.

2 ஏப்ரல்
நேற்று முட்டாள்கள் தினத்தில் யாரோ 'உடோ இனி அக்செப்ட் பாட்டுப் பாடமாட்டாராம்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பொய்ச் செய்தியாகப் போட வேண்டியதே இல்லை, அவரே சொன்னதுதான். 2016இல் டிர்க்‌ஷ்னைடர் என்ற பெயரில் ஒரு குழுவோடு கிளம்பினார்: அக்செப்ட் பாடல்களைக் கடைசி முறையாகப் பாடிவிட்டு மூட்டை கட்டுகிறேன் என்று. அந்தக் கடைசி முறை 2017இலும் நடந்தது. அப்புறம் 'பால்ஸ் டு தி வால்' நாற்பதாம் ஆண்டு என்று மறுபடி நடந்தது. போன மாதத்துக்கு முந்தைய மாதம் அந்த ஆல்பம் முழுவதையும் விருந்தினர் குரல்களோடு மீண்டும் பதிவு செய்து வெளியிட்டே விட்டார். இன்னொரு பக்கம் அக்செப்ட்டும் அதே பாடல்களை மேடையில் வாசிக்கிறது. சொத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி ஒரே கோயில் திருவிழாவை ஆளுக்கொரு முறை நடத்துவதுபோல.

நான் இரண்டு திருவிழாவுக்கும் போயிருக்கிறேன். டிக்கெட் விலையைப் பற்றிப் பேச வேண்டாம்.

3 ஏப்ரல்
'எது நன்றாக இருந்தது?'

உடோவின் நிகழ்ச்சியில் கண்ணை மூடினால் 1983. கண்ணைத் திறந்தால், அசையாமல் நின்று பாடும் எழுபது வயது கடந்த மனிதர், பின்னால் டிரம்ஸில் அவர் மகன் ஸ்வென். தொண்டை இன்னும் அப்படியே. கிதார்காரர்கள் ஒவ்வொரு சுரத்தையும் பிழையில்லாமல் எடுத்தார்கள், அதுதான் குறை. பாடத்தை ஒப்பிப்பதில் பிழை வராது.

அக்செப்ட் நிகழ்ச்சியில் முதல் ரிஃப்பிலேயே தெரிந்துவிட்டது, இதை எழுதியவர் வாசிக்கிறார் என்று. ஹாஃப்மன் இடையிடையே நகர்த்துகிறார், இழுக்கிறார், ஒரு தனிவாசிப்பின் முடிவை மாற்றிவிட்டுச் சிரிக்கிறார். ஆனால் அரங்கம் புதுப் பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு, பழைய பாட்டுக்குத்தான் தொண்டை கிழியக் கத்தியது. என் பக்கத்தில் நின்ற பெண்மணி புதுப் பாட்டு வரும்போதெல்லாம் பீர் வாங்கப் போனார். நிறையப் போனார்.

11 ஏப்ரல்
இனிக் கேள்விக்கே வருகிறேன். உடோவின் இடத்தில் பாடும் மார்க் டொர்னில்லோ.

2005இல் உடோவோடு சில விழா மேடைகளில் ஒன்றுகூடினார்கள், புது ஆல்பம் வரவில்லை. 2009இல் ஹாஃப்மனும் பால்ட்டஸும் அவர் இல்லாமலே தொடங்கினார்கள். நியூஜெர்சிக்காரரான டொர்னில்லோ எண்பதுகளில் டிடி குயிக் குழுவில் பாடியவர். பெரிய பெயரில்லை. அறிவிப்பு வந்தபோது மற்ற ரசிகர்கள் போலவே நானும் சிரித்தேன். 2010 ஆகஸ்டில் 'பிளட் ஆஃப் த நேஷன்ஸ்' வந்தது. பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த முதல் ஆல்பம். அதைக் கேட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை.

டொர்னில்லோவின் குரலும் கரகரப்புத்தான். ஆனால் உடோவைப்போல மேலே போய்க் கீறாது, கீழே நெஞ்சில் தங்கி நிற்கும். பழைய பாட்டுகளைப் பாடவும் முடியும், புதிதை நகல் என்று சொல்லவும் முடியாது. தயாரிப்பாளர் ஆண்டி ஸ்னீப், பின்னாளில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவோடு மேடையேறி கிதார் வாசித்தவர். அவர் செய்த வேலை, எண்பதுகளில் எது வேலை செய்ததோ அதை மறுபடி செய்யும்படி இவர்களைப் பிடித்து உட்கார வைத்தது. ரசிகர் ஒருவர் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் வரும் நன்மை.

'ஸ்டாலின்கிராட்' (2012) தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். ஜெர்மன் குழு, ஜெர்மன் படை அழிந்த ஊரைப் பற்றிப் பாடுகிறது. கிதார் தனிவாசிப்பில் சோவியத் நாட்டுப்பண்ணின் மெட்டு வருகிறது. இறந்துகொண்டிருக்கும் எதிரிக்கும் இடம் கொடுத்த பாட்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடிப்பாட்டைக் கீறலோடு ஓடவிட்டவர்கள் இவர்கள்தான். அந்தக் கேலி இருபது வயதில் பிறந்தது, இது ஐம்பதில் பிறந்தது.

பிறகு 'பிளைண்ட் ரேஜ்' (2014). ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் முதலிடம். உடோ காலத்தில் ஒருமுறைகூடக் கிடைக்காத இடம். விற்பனை ஒன்றையும் நிரூபிக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் 'பெயர்ப்பலகை' என்பவர்களுக்கு முன் இதை ஒருமுறை மேசையில் வைக்கத் தோன்றுகிறது.

12 ஏப்ரல்
கணக்கு ஒன்று. உடோ முதல் ஆல்பத்திலிருந்து விலகும் வரை எட்டு ஆண்டுகளில் ஏழு ஆல்பம், திரும்பி வந்து மூன்று, ஆகப் பத்து. ரீஸ் ஒன்று. டொர்னில்லோ ஆறு, 2024இல் வந்த 'ஹியூமனாய்ட்' வரை. மைக்கின் முன் இடைவெளி இல்லாமல் நின்ற காலத்தைப் பார்த்தால் டொர்னில்லோதான் மூத்தவர். 'புதுப் பாடகர்' என்று இன்னும் அழைக்கிறார்கள்.

20 ஏப்ரல்
யாரும் கேட்காததைச் சொல்கிறேன். மேலே உள்ள என் வாதத்துக்கு அடி கொடுத்தது உடோவின் விலகல் அல்ல, பீட்டர் பால்ட்டஸின் விலகல். 2014இன் முடிவில் ஹெர்மன் ஃபிராங்க்கும் டிரம்ஸ் வாசித்த ஸ்டெஃபான் ஷ்வார்ட்ஸ்மனும் போனார்கள். அது பெரிதாகப் படவில்லை. 2018இல் பால்ட்டஸ் போனார். ஹாஃப்மன் எழுதும் எதையும் முதலில் கேட்பவர், கோரஸின் அடித்தொண்டை, சோலிங்கனிலேயே பிறந்தவர். 2023இல் அவர் உடோவின் பக்கம் போய்ச் சேர்ந்தார். தலை எண்ணினால் இப்போது பழைய அக்செப்ட் அங்கேதான் அதிகம்.

அதன் பின் வந்த இரண்டு ஆல்பங்களில் கிதார் குறையவில்லை. கோரஸ் கொஞ்சம் சுத்தமாகிவிட்டது. மூன்றாவதாக ஒரு கிதார்காரரும் சேர்ந்தார், எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. மோசமில்லை என்பேன். ஆனால் 'பிளட் ஆஃப் த நேஷன்ஸ்' போல இரவில் திரும்ப எடுத்துப் போடத் தோன்றவில்லை. ஆக உங்கள் கேள்விக்கு என் பதில் ஆண்டோடு சேர்த்துத்தான் வரும்: 2010 முதல் 2017 வரை, சந்தேகமில்லாமல் அக்செப்ட். அதற்குப் பிறகு, ஹாஃப்மனின் குழு.

21 ஏப்ரல்
'கடைசி வரியில் பின்வாங்கிவிட்டீர்கள்' என்கிறீர்கள். வாங்கியிருக்கலாம். ஹாஃப்மனின் குழு என்பது வசை இல்லை.

6 மே
திசை மாறுகிறேன். இரண்டு பேருமே வயதான பின் ஆர்க்கெஸ்ட்ராவைத் தேடிப் போனார்கள், ஆளுக்கொரு வழியில். ஹாஃப்மனுக்கு அந்தப் பைத்தியம் பழையது. 'மெட்டல் ஹார்ட்' தலைப்புப் பாட்டிலேயே சாய்க்கோவ்ஸ்கியும், பீத்தோவனின் 'ஃபூர் எலிசே' மெட்டும் இருக்கின்றன. என்னைப்போலப் பலர் பீத்தோவனை முதலில் கேட்டது அந்தத் தனிவாசிப்பில்தான். பிறகு செவ்விசை ஆல்பங்கள் தனியாக வெளியிட்டார், 2017இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் செக் தேசிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையேறினார்.

உடோ? 2020இல் ஜெர்மன் இராணுவத்தின் இசைப்படையோடு சேர்ந்து ஒரு முழு ஆல்பம். வாழ்நாள் முழுவதும் உருமறைப்பு உடையில் பாடியவருக்குக் கடைசியில் உண்மையான சிப்பாய்களே பக்கவாத்தியம் வாசித்தார்கள். பாடல்களோ சுற்றுச்சூழல், அகதிகள், ஒற்றுமை. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது, டிரம்பெட்டுகள் வரும் இடங்களில் குறிப்பாக.

9 மே
கேள்வி கேட்டவர் 'பிளட் ஆஃப் த நேஷன்ஸ்' கேட்டுவிட்டாராம். மூன்றாவது பாட்டு வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன் என்கிறார். நான்காவதில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அடுத்து 'ஸ்டாலின்கிராட்', அதற்கும் அடுத்து 'பிளைண்ட் ரேஜ்'. 'ஈட் த ஹீட்' ஆல்பத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். என்னிடமே ஒன்று கூடுதலாக இருக்கிறது.